சிறு மலைவண்டிக்கு ஏற்ற டிபரன்ஷியல் பூட்டு

மழைக்காலத்தில் கரமனைப் பாலத்தின்மீது நின்று ஆற்றை நோக்குவோர், நீர் செங்கல் நிறமாகக் கலங்கி ஓடுவதைக் காண்பர். பொதிகை என்று தமிழர் போற்றும் அகத்தியமலைத் தொடரில், செம்முஞ்சி மொட்டை என்னும் முடியருகே தோன்றும் இவ்வாறு, பேப்பாறை, அருவிக்கரை ஆகிய இரு அணைகளைக் கடந்து, ஏறத்தாழ 68 கிலோமீட்டர் ஓடி, கோவளத்துக்கு அண்மையில் அரபிக் கடலில் கலக்கின்றது. திருவனந்தபுரம் நகர மக்கள் அருந்தும் நீரில் பெரும்பகுதி இவ்வாற்றினுடையதே. பாலத்தின் கீழே கலங்கலாகச் செல்லும் அச்செம்மண், மேலே விதுரைக்கு அப்பாலுள்ள சரிவுகளிலிருந்தும் வண்டிப்பாதைகளிலிருந்தும் கரைந்து வந்ததாகும்.

அப்பாதைகளில் வண்டியோட்ட வேண்டியவர்கள் பலர். 1983-ஆம் ஆண்டில் ஏற்பட்ட பேப்பாறை வனவிலங்குச் சரணாலயத்தைக் காக்கும் வன ஊழியர், காணி மக்களின் குடியிருப்புகளுக்குத் தடுப்பூசி கொண்டு செல்லும் சுகாதாரப் பணியாளர், தேர்தல் காலத்தில் வாக்குப்பதிவு யந்திரத்துடன் செல்லும் அலுவலர் ஆகியோர் அனைவரும் ஈரச் செம்மண்ணின் வழுக்கலை நேரில் அறிந்தவர்கள். தடுப்பூசிப் பெட்டியினுள் உஷ்ணநிலை 2 டிகிரிக்கும் 8 டிகிரி சென்டிகிரேடுக்கும் இடையில் இருத்தல் வேண்டும். வண்டி சேற்றில் மூன்று மணி நேரம் நின்றுவிடுமாயின், பெட்டியிலுள்ள பனிக்கட்டி அதற்காகக் காத்திருப்பதில்லை. ஆதலின், ஒரு சிறிய நான்கு சக்கர இயக்க வண்டியைச் சேற்றிலிருந்து மீட்கக்கூடிய கருவி எதுவாயினும் அதனைக் களப்பணியாளர் ஆவலுடன் வரவேற்பது இயற்கையே. டிபரன்ஷியல் பூட்டு அத்தகைய கருவிகளுள் ஒன்று. ஆனால் அதில் பல வகைகள் உள்ளன. பொருத்தமற்ற வகையைத் தெரிந்தெடுத்தால், சேற்றில் உயிர் காக்க வேண்டிய அதே கருவி நனைந்த தார்ச்சாலையில் உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும். அத்தேர்வுக்கு வேண்டிய விஞ்ஞான உண்மைகளை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

டிபரன்ஷியல் ஏன் வேண்டும்?

பனங்காட்டுச் சிறுவர் உருட்டும் நுங்கு வண்டியை வாசகர்கள் கண்டிருப்பர். இரண்டு நுங்குக் கூந்தல்களை ஒரு குச்சியால் இணைத்து, கவைக்கோலால் தள்ளுவர். இரு சக்கரங்களும் ஒரே குச்சியில் இறுகப் பொருந்தியிருப்பதால் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழல முடியும். நேராகச் செல்லும்போது இதனால் தொல்லையில்லை. வண்டியைத் திருப்பும்போதோ ஒரு சக்கரம் தரையில் தேய்ந்து இழுபடுவதைக் காணலாம். மணலில் அது எளிதில் வழுக்கிச் செல்லும். சிமெந்துத் தரையில் முரண்டு பிடிக்கும்.

மாட்டு வண்டியில் இக்குறை இல்லை. அதன் சக்கரங்கள் அசையாத அச்சின்மீது தனித்தனியே சுழல்கின்றன. எனினும் மாட்டு வண்டியை இழுப்பது மாடேயன்றிச் சக்கரமன்று. மோட்டார் வண்டியிலோ சக்கரமே வண்டியைச் செலுத்த வேண்டும். அதே சமயம் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழலவும் வேண்டும்.

வளைவில் அவ்வேறுபாடு எவ்வளவு என்பதை எளிதில் கணக்கிடலாம். இரு பின்சக்கரங்களுக்கும் இடையே 1.4 மீட்டர் தூரம் உள்ளதெனக் கொள்வோம். வண்டி கொண்டை ஊசி வளைவொன்றில் அரைவட்டமாகத் திரும்புகின்றது. அச்சின் நடுப்புள்ளி 6 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் செல்லுமாயின், வெளிச்சக்கரம் 6.7 மீட்டர் ஆரத்திலும் உட்சக்கரம் 5.3 மீட்டர் ஆரத்திலும் செல்லும். வெளிச்சக்கரம் ஏறத்தாழ 21 மீட்டரும் உட்சக்கரம் 16.6 மீட்டரும் கடக்கின்றன. வேறுபாடு 4.4 மீட்டர். வளைவு பெரிதாயினும் சிறிதாயினும் அரைவட்டத்திற்கு இவ்வேறுபாடு மாறாது என்பது கவனிக்கத்தக்கது. அது சக்கர இடைவெளியைப் பை என்னும் எண்ணால் பெருக்கிய அளவேயாகும். பொன்முடிக்கு ஏறும் சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் இந்த நாலரை மீட்டரை ஏதோ ஒரு விதத்தில் ஈடுசெய்தே ஆக வேண்டும்.

பிரெஞ்சு நாட்டு யந்திர அறிஞர் ஒனேசிஃபோர் பெக்கர், நீராவி வண்டிக்கென 1827-ஆம் ஆண்டில் உருவாக்கிய பற்சக்கர அமைப்பே இன்றைய மோட்டார் டிபரன்ஷியலின் முன்னோடி. எஞ்சினிலிருந்து வரும் சுழற்சி, கிரவுன் சக்கரத்தின் வழியாக ஒரு கூட்டிற்கு வருகின்றது. கூட்டினுள் உள்ள சிறு பற்சக்கரங்கள், இடத்தண்டு, வலத்தண்டு ஆகிய இரண்டின் முனைகளிலுமுள்ள பற்சக்கரங்களோடு பொருந்தியிருக்கின்றன. நேர்வழியில் யாவும் ஒன்றாகச் சுழலும். வளைவில் சிறு பற்சக்கரங்கள் தம்மில் தாமே உருண்டு, ஒரு தண்டின் வேகத்தைக் குறைத்து மற்றதன் வேகத்தை அதே அளவு கூட்டுகின்றன.

நுகத்தடியின் பாடம்

இவ்வமைப்பின் நன்மையும் தீமையும் ஒரே மூலத்திலிருந்து பிறக்கின்றன. சாதாரண டிபரன்ஷியல் இரு தண்டுகளுக்கும் எப்பொழுதும் ஏறத்தாழச் சமமான முறுக்குவிசையையே அளிக்கும். நடுவில் ஒரே முளையில் கட்டிய நுகத்தடியை எண்ணிப் பார்க்கலாம். இரு மாடுகளும் சமமாக இழுக்கும்வரை நுகம் நேராக நிற்கும். ஒரு மாடு சேற்றில் காலூன்ற முடியாமல் தளர்ந்தால் நுகம் ஒருபுறமாகத் திரும்பிவிடும். மற்ற மாடு எத்துணை வலியதாயினும் அதன் வலிமை பாரத்தை அடையாது. அங்ஙனமே, ஒரு சக்கரம் வழுக்கும் சேற்றில் கிடக்க, மற்றது கெட்டித்தரையில் நின்றால், கெட்டித்தரைச் சக்கரத்திற்கும் சேற்றுச் சக்கரம் தாங்கும் அளவு விசையே கிட்டும். சேற்றுச் சக்கரம் வீணே சுழல, மற்றது அசையாது நிற்கும்.

நான்கு சக்கர இயக்கம் இருந்தால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வியக்கம் முன்னச்சையும் பின்னச்சையும் இணைக்கின்றதேயன்றி, ஓர் அச்சிலுள்ள இரு சக்கரங்களையும் இணைப்பதில்லை. இடப்புறச் சக்கரங்கள் இரண்டும் சேற்றுச் சாலில் கிடந்தால், நான்கு சக்கர இயக்க வண்டியும் நின்றுவிடும். டிபரன்ஷியல் பூட்டு என்பது, வேண்டும்போது இரு தண்டுகளையும் ஒன்றாகப் பிணைத்து, நுங்கு வண்டியின் குச்சியைப்போல் ஆக்கும் அமைப்பாகும்.

ஒரு கணக்கு

1,200 கிலோகிராம் எடையுள்ள வண்டியொன்று, சக்கரமொன்றுக்கு 300 கிலோகிராம் வீதம் தரையில் நிற்கின்றதெனக் கொள்வோம். இடப்புறச் சக்கரங்கள் ஈரக் களிமண்ணிலும், வலப்புறச் சக்கரங்கள் சரளைத் தரையிலும் உள்ளன. களிமண்ணின் உராய்வெண் 0.1 என்றும் சரளையினது 0.6 என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியாயின், சேற்றுச் சக்கரம் 30 கிலோகிராம் விசையும், சரளைச் சக்கரம் 180 கிலோகிராம் விசையும் தாங்கும்.

பாதை எட்டுக்கு ஒன்று என்ற ஏற்றமுடையது. வண்டியை மேலேற்ற ஏறத்தாழ 149 கிலோகிராமும், மண்ணின் உருளல் தடையை வெல்ல 36 கிலோகிராமும், ஆக 185 கிலோகிராம் விசை தேவை. பூட்டில்லாத பின்சக்கர இயக்கத்தில் கிட்டுவது 60 கிலோகிராம் மட்டுமே. பூட்டில்லாத நான்கு சக்கர இயக்கத்தில் 120 கிலோகிராம். இரண்டும் போதா. நான்கு சக்கர இயக்கத்துடன் பின்னச்சை மட்டும் பூட்டினால், முன்னச்சு 60, பின்னச்சு 210, ஆக 270 கிலோகிராம் கிட்டும். வண்டி ஏறிவிடும். இரு அச்சுகளையும் பூட்டினால் 420 கிலோகிராம் வரை கிட்டும். ஏற்றம் நான்குக்கு ஒன்று என மிகுந்தால் தேவை 327 கிலோகிராமாக உயரும். அப்பொழுது பின்பூட்டு மட்டும் போதாது. இரு பூட்டுகளும் வேண்டும்.

இக்கணக்கிலிருந்து இரண்டு உண்மைகள் புலப்படும். ஒன்று, சாதாரணப் பணிப்பாதைகளுக்குப் பின்னச்சுப் பூட்டு ஒன்றே பெரும்பயன் அளிக்கும். மற்றொன்று, பூட்டு புதிய பிடிப்பு எதனையும் உண்டாக்குவதில்லை. தரையில் உள்ள பிடிப்பை வீணாகாமல் பயன்படுத்துகின்றது, அவ்வளவே. நான்கு சக்கரங்களும் வழுக்கும் களிமண்ணில் இருப்பின், எத்துணை விலையுயர்ந்த பூட்டாலும் பயனில்லை.

பூட்டின் வகைகள்

முதலாவது, உராய்வுத் தகடுகள் கொண்ட அமைப்பு. 1930-களில் ஜெர்மனியில் பந்தய வண்டிகளுக்காக உருவானது. சுழலும் சக்கரத்தை உராய்வினால் தடுத்து, மற்றதற்கு இரண்டு அல்லது மூன்று மடங்கு விசையைத் தருவது. உண்மையில் இது பூட்டன்று, வழுக்கலைக் குறைப்பதே. தகடுகள் தேயும். தனிவகை எண்ணெயும் வேண்டும்.

இரண்டாவது, திருகுப் பற்சக்கரங்களால் இயங்குவது. அமெரிக்கரான வெர்னன் கிளீஸ்மன் 1958-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற டார்சன் அமைப்பு இவ்வகையைச் சார்ந்தது. ஓசையின்றி, ஓட்டுநர் அறியாதபடியே பணிபுரியும். இதன் பெருக்கம் மூன்று மடங்கு எனக் கொண்டால், மேற்கண்ட கணக்கில் சேற்றுச் சக்கரம் 30, மற்றது 90, ஆகப் பின்னச்சில் 120 கிலோகிராம் கிட்டும். முன்னச்சின் 60-ஐக் கூட்டினால் 180. தேவையோ 185. மயிரிழையில் தோல்வி. ஆனால் ஓட்டுநர் பிரேக்கை இலேசாக அழுத்திக்கொண்டே முடுக்கினால், சுழலும் சக்கரத்தின் தடை கூடி, அதன் மூன்று மடங்கு மற்றதற்குச் செல்லும். இம்முறை சாதாரண டிபரன்ஷியலில் பயன்படாது. அதில் இருபுறமும் சமமாகப் பிரேக் இட்டால், ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் எடுப்பதாகவே முடியும். ஒரு சக்கரம் முற்றிலும் அந்தரத்தில் தொங்கினால் டார்சனும் பயனற்றதாகும். பூஜ்யத்தை மும்மடங்காக்கினாலும் பூஜ்யமே.

மூன்றாவது, தானியங்கிப் பூட்டு. இது எப்பொழுதும் பூட்டிய நிலையிலேயே இருந்து, வளைவில் வெளிச்சக்கரம் வேகமாகச் சுழலும்போது மட்டும் அதனை விடுவிக்கும். டெட்ராயிட் லாக்கர் என்று வழங்குவது இவ்வகை. பழைய கூட்டினுள்ளேயே பொருத்தக்கூடிய சிறுவகைகளும் உள்ளன. குழாயும் கம்பியும் வேண்டா, விலையும் குறைவு. அதன் குறைபாட்டைப் பின்னர்க் காண்போம்.

நான்காவது, வேக வேறுபாட்டை உணர்ந்து பூட்டுவது. இரு சக்கரங்களுக்கும் இடையே நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 சுற்று வேறுபாடு ஏற்பட்டால், சுழலும் சிறு எடைகள் விரிந்து பூட்டை இயக்கும். வண்டி ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பூட்டு விழாது. 2020-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த மகேந்திரா தார் வண்டியின் சில வகைகளில் இத்தகைய பின்னச்சுப் பூட்டு தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது. ஒரு குறை மட்டும் உண்டு. 2.2 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரத்திற்கு 100 சுற்று என்பது மணிக்கு 13 கிலோமீட்டர் வேகமாகும். அவ்வளவு சுழன்ற பின்னரே பூட்டு விழுமாதலால், அதற்குள் சக்கரம் சிறிது பள்ளம் தோண்டிவிடும்.

ஐந்தாவது, ஓட்டுநர் விரும்பும்போது மட்டும் இயக்கும் பூட்டு. அழுத்தக் காற்றால், மின்காந்தத்தால் அல்லது கம்பி நெம்புகோலால் இயங்கும். விடுவித்த நிலையில் இது சாதாரண டிபரன்ஷியலே. பூட்டிய நிலையில் இரு தண்டுகளும் ஒன்றே. 2021-ஆம் ஆண்டு வெளிவந்த ஃபோர்ஸ் கூர்க்கா வண்டியில் முன்னச்சு, பின்னச்சு ஆகிய இரண்டுக்கும் நெம்புகோலால் இயங்கும் பூட்டுகள் இருந்தன.

ஆறாவது, பிரேக்கினால் வழுக்கலைத் தடுப்பது. சுழலும் சக்கரத்தை மட்டும் மின்னணுக் கருவி உணர்ந்து, அதற்கு மட்டும் பிரேக் இடும். 2023-ஆம் ஆண்டு இந்தியாவில் விற்பனைக்கு வந்த மாருதி ஜிம்னி இம்முறையைக் கையாள்கின்றது. தனிப்பட்ட பொறி எதுவும் வேண்டாமையும், தார்ச்சாலையில் தீங்கின்மையும் இதன் நற்குணங்கள். நெடுநேரம் சேற்றில் போராடினால் பிரேக் சூடேறும். எஞ்சினின் திறனில் ஒரு பகுதி உஷ்ணமாக வீணாகும்.

இறுதியாக, பற்சக்கரங்களை ஒன்றோடொன்று பற்றவைத்து நிலையாகப் பூட்டிவிடும் வழக்கமும் சில பட்டறைகளில் உண்டு. பொதுச்சாலையில் செல்லும் வண்டிக்கு இதனை ஒருபோதும் செய்யலாகாது.

குட்டை வண்டியின் தனி இயல்பு

1985-ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் வழங்கிய மாருதி ஜிப்சி வண்டியின் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைத்தூரம் 2,375 மில்லிமீட்டர் மட்டுமே. இத்தகைய குட்டை வண்டிகள் குறுகிய பாதையில் எளிதில் திரும்பும். அதே காரணத்தால், பின்புறத்தில் எழும் சிறு விசை மாற்றமும் வண்டியை எளிதில் திசைதிருப்பிவிடும்.

தானியங்கிப் பூட்டு பொருத்திய குட்டை வண்டியொன்று நனைந்த மலைச்சாலையில் இறங்குவதை எண்ணிப் பார்க்க. வளைவில் ஓட்டுநர் முடுக்கியை அழுத்தினால் இரு பின்சக்கரங்களும் சமமாகத் தள்ளி வண்டியை நேரே செலுத்த முனையும். முடுக்கியை விட்டால் பூட்டு ஓசையுடன் விடுபட்டு, வண்டி திடீரென உட்புறம் திரும்பும். நீண்ட பார வண்டியில் இம்மாறுதல் சிறிதாகவே தோன்றும். குட்டை வண்டியிலோ ஓட்டுநரின் கைக்கு உடனே உறைக்கும். பழகிய ஒருவர் இதனைச் சமாளிக்கலாம். அரசு வண்டியை ஒரே ஓட்டுநர் என்றும் ஓட்டுவதில்லை. விடுப்பில் சென்றவருக்குப் பதிலாக வந்தவர், முதல் மழையன்று, முதல் வளைவிலேயே இதனைக் கற்க நேரும்.

பக்கச் சரிவில் மற்றோர் அபாயம் உண்டு. சாதாரண டிபரன்ஷியலில் ஒரு சக்கரம் வீணே சுழன்றாலும், சுழலாத மற்றது தரையைப் பற்றி வண்டியைப் பக்கவாட்டில் தாங்கிநிற்கும். பூட்டிய அச்சில் இரு சக்கரங்களும் ஒருங்கே வழுக்கினால் பற்றிநிற்க ஒன்றுமில்லை. வண்டியின் பின்புறம் சரிவை நோக்கி, அஃதாவது பள்ளத்தாக்கை நோக்கி, நகரும். ஆகவே பூட்டு என்பது வேண்டும்போது விழுவதோடு, வேண்டாதபோது விடுபடவும் வேண்டும். குட்டை வண்டிக்கு இஃது இன்றியமையாத இலக்கணம்.

தண்டின் வலிமையையும் நோக்குக. பூட்டிய அச்சில் ஒரு சக்கரம் பாறையைப் பற்றி மற்றது அந்தரத்தில் நின்றால், முழு முறுக்குவிசையும் ஒரே தண்டின் வழியே செல்லும். அச்சக்கரத்தின்மீது 600 கிலோகிராம் பாரமும், உராய்வெண் 0.8-உம், சக்கர ஆரம் 0.35 மீட்டரும் இருப்பின், தண்டு தாங்க வேண்டிய முறுக்குவிசை ஏறத்தாழ 1,650 நியூட்டன் மீட்டர். சக்கர ஆரத்தை 0.40 மீட்டராக உயர்த்தினால் அது 1,880-க்கு மேல் செல்லும். பெரிய டயரும் பூட்டும் ஒன்றாகப் பொருத்துவோர் தண்டு முறிந்து வருந்துவதற்குக் காரணம் இதுவே. முன்னச்சில், சக்கரத்தை முழுதும் திருப்பிய நிலையில் மூட்டுகள் மேலும் நலிந்தவை. ஏற்றத்தில் வண்டியின் பாரமும் பின்புறமே சாய்கின்றது. இவ்விரு காரணங்களாலும் முதற்பூட்டு பின்னச்சுக்கே உரியது.

தெரிந்தெடுக்கும் முறை

கடைக்குச் செல்வதற்கு முன் களப்பணியாளர் தம்மையே சில கேள்விகள் கேட்டுக்கொள்ளுதல் நலம். வண்டி ஆண்டில் எத்தனை நாள் சேற்றில் செல்கின்றது? தார்ச்சாலையில் எத்தனை கிலோமீட்டர் ஓடுகின்றது? எத்தனை பேர் அதனை ஓட்டுகின்றனர்? பழுது நேர்ந்தால் அருகில் பார்க்கத்தக்கவர் உளரா?

பூட்டை நாடுமுன், செலவு குறைந்த வழிகளை முதலில் முயலுதல் வேண்டும். தேய்ந்த டயரை மாற்றுதல் முதலாவது. சேற்றுப் பகுதியில் காற்றழுத்தத்தைச் சதுர அங்குலத்திற்கு 28 பவுண்டிலிருந்து 20 பவுண்டு அளவுக்குக் குறைத்தல் இரண்டாவது. தார்ச்சாலைக்கு வருமுன் மீண்டும் நிரப்பிவிடுதல் கட்டாயம். மண்வெட்டி, வலிய கயிறு, சக்கரத்தின் கீழ் இடும் பலகை ஆகியன மூன்றாவது. இவற்றால் தீராத இடர் எஞ்சினால் மட்டுமே பூட்டு தேவை.

புதிய வண்டி வாங்கும் நிலையில் உள்ள அலுவலகம், தொழிற்சாலையிலேயே பூட்டு பொருத்தப்பட்ட வண்டியை நாடுவதே சிறந்தது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த மூல விவரங்களினின்றும் வேறுபடுமாறு வண்டியை மாற்றுவதைத் தடுக்கின்றது. கேரளத்திலிருந்து சென்ற மேல்முறையீடொன்றில் உச்ச நீதிமன்றம் 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் இதனை வலியுறுத்தியது. ஆதலின் பழைய வண்டியில் எதனைப் பொருத்துவதாயினும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தையும் காப்பீட்டு நிறுவனத்தையும் முன்னரே எழுத்து மூலம் கேட்டறிதல் முறை.

இசைவு கிட்டிய பழைய வண்டிக்கு, பின்னச்சில் ஓட்டுநர் இயக்கும் பூட்டே பொதுவாக ஏற்றது. மூவகை இயக்கத்துள் காற்றுவகை விரைவாக விழும். ஆனால் அழுத்திப் பொறியும் குழாயும் பழுதுறக்கூடும். மின்வகைக்குக் குழாய் வேண்டா. நீரில் மூழ்கும் இணைப்புகளைக் காத்தல் வேண்டும். கம்பி வகை எளியது. துருவே அதன் பகை. எதனை வாங்கினும், தண்டின் முனைப்பற்களின் எண்ணிக்கையும், கிரவுன்-பினியன் விகிதமும், பேரிங்கின் அளவும் தம் வண்டிக்குப் பொருந்துகின்றனவா என்று கழற்றிப் பார்த்தபின்னரே பணம் செலுத்துக. பல ஓட்டுநர்கள் ஓட்டி, நாள்தோறும் தார்ச்சாலையில் செல்லும் குட்டை வண்டிக்குத் தானியங்கிப் பூட்டு வேண்டா. பெரும்பாலும் தார்ச்சாலையிலும் சிறிதளவே சேற்றிலும் செல்லும் வண்டிக்குத் திருகுப் பற்சக்கர வகையே போதும்.

பூட்டைக் கையாளுதல்

வண்டி சிக்கிய பின் பூட்டுவதினும், இடரான இடத்தை அடையுமுன் நின்று, இறங்கிப் பார்த்து, பூட்டி, குறைந்த கியரில் மெல்லச் செல்லுதல் நன்று. சக்கரம் வேகமாகச் சுழலும்போது பூட்டினால் பற்கள் முறியும். கெட்டித்தரையை அடைந்தவுடன் விடுவிக்க. பூட்டிய நிலையில் கூரிய வளைவில் திருப்பலாகாது. மாதம் ஒரு முறையேனும் தளர்ந்த மண்ணில் பூட்டி விடுவித்துப் பார்க்க. பயன்படாத பொறி துருவேறி, வேண்டிய நாளில் கைவிடும். ஓடையைக் கடந்த பின் டிபரன்ஷியல் எண்ணெயைச் சோதிக்க. அது பால் நிறமாக மாறியிருந்தால் நீர் புகுந்ததற்கு அறிகுறி. உடனே மாற்றுதல் வேண்டும். எச்சரிக்கை விளக்கின் பொருளையும், மேற்கூறிய விதிகளையும் ஒரு தாளில் எழுதி ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே ஒட்டிவைத்தல் பதில் ஓட்டுநருக்குப் பேருதவியாகும்.

ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு

இக்கட்டுரையின் சாரத்தை வகுப்பில் செலவின்றிக் காட்டலாம். ஒரு நுங்கு வண்டியைச் சிமெந்துத் தரையிலும் மணலிலும் அரைவட்டமாகத் திருப்பி, எங்கே முரண்டு பிடிக்கின்றது என்று மாணவரையே கூறச் செய்க. பின்னர் ஒரு சக்கரத்தை மட்டும் தளர்த்தி, குச்சியின்மீது தனியே சுழலவிட்டு மீண்டும் திருப்புக. சக்கர இடைவெளியை அளந்து பையால் பெருக்கி, வெளிச்சக்கரமும் உட்சக்கரமும் சென்ற தூரங்களின் வேறுபாட்டோடு ஒப்பிடுக. வடிவ கணிதமும் உராய்வும் ஒரே விளையாட்டுப் பொருளில் விளங்கும்.

மலைமேல் உள்ள குடியிருப்புக்கு மருந்து போய்ச் சேர்வதும், வண்டியில் சென்ற ஊழியர் மாலையில் வீடு திரும்புவதும் ஒன்றுபோல் முக்கியமானவை. முதலதை மட்டும் எண்ணிப் பூட்டைத் தெரிந்தெடுப்பவர் இரண்டாவதை மறந்துவிடுகின்றனர். இரண்டையும் ஒருங்கே எண்ணித் தெரிந்தெடுப்பதே அறிவுடைமையாகும்.